ஆன்டிக் வேறு, ஹெரிடேஜ் வேறு

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், பழம்பொருள் கடை வாசலில் சாய்த்து வைத்திருக்கும் தேக்குத் தூணுக்கு ‘ஆன்டிக்’ என்று பெயர். அதே பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த தேக்கு, அதே கடைசல், அதே உயரம். கானாடுகாத்தானில் ஒரு வீட்டுப் பட்டாலையில் கூரையைத் தாங்கிக்கொண்டு நிற்கும்போது அதற்கு ‘ஹெரிடேஜ்’ என்று பெயர். இரண்டு தூணுக்கும் வயதில் வித்தியாசம் இல்லை. ஒன்று வீட்டைவிட்டு வெளியே வந்துவிட்டது, மற்றது இன்னும் வரவில்லை. அவ்வளவுதான்.

இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களும் இன்று செட்டிநாட்டில் தமிழ்ச் சொற்களைப்போலவே புழங்குகின்றன. ஆட்டோக்காரர், வீட்டு புரோக்கர், ஆசாரி, கல்யாண கான்ட்ராக்டர், விடுதி வரவேற்பில் நிற்கும் பிள்ளை என்று எல்லார் வாயிலும் இருக்கின்றன. ‘பழசு, ஆனால் விலை உள்ளது’ என்பதுதான் இரண்டுக்கும் பொதுவாக நாம் கொடுத்திருக்கும் பொருள். அது தவறு. இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கிற சொற்கள். இந்த வேறுபாட்டைப் பிரித்துப் பார்க்காமல் விட்டதில் ஊர் ஊராக வீடுகளை இழந்துகொண்டிருக்கிறோம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த வீடுகளைக் கட்டியவர்களுக்கு இரண்டு சொல்லுமே தேவைப்படவில்லை. அன்றைக்கு எல்லாமே புதுசு. இத்தாலியிலிருந்து சலவைக்கல், பெல்ஜியத்திலிருந்து நிலைக்கண்ணாடி, பர்மிங்காமிலிருந்து இரும்புத் தூண், ஜப்பானிலிருந்து பூ வேலை செய்த சுவர் ஓடு, சுவீடனிலிருந்து எனாமல் வாளியும் தூக்கும். சந்தையில் அன்று எது புதிதோ அதுதான் வந்தது. சுவருக்குச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் சேர்த்து அரைத்த பூச்சு. தரைக்கு ஆத்தங்குடியில் கண்ணாடிமேல் வண்ணம் ஊற்றி வார்த்த கல். கானாடுகாத்தான் அரண்மனை 1912-ல் முடிந்தபோதும் சரி, காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடு 1941-ல் எழுந்தபோதும் சரி, பார்க்க வந்தவர்கள் அதன் புதுமையைத்தான் வாய் பிளந்து பார்த்திருப்பார்கள். பழமைக்காக இன்று நாம் கொண்டாடும் வீடுகள், தம் காலத்தின் மிகப் புதிய வீடுகள். இதை மறந்துவிட்டு ‘ஹெரிடேஜ்’ பேசுகிறவர்கள் பாதியைத்தான் பேசுகிறார்கள்.

வீட்டுக்குள் இருந்த சாமானுக்கும் வயதை வைத்துப் பெயர் சொல்லும் வழக்கம் இல்லை. யார் வழியாக வந்தது என்பதை வைத்துத்தான் பெயர். ‘ஆயா வீட்டுக் குத்துவிளக்கு’, ‘அப்பத்தா சீர்ப் பெட்டகம்’, ‘அய்யா ரங்கூனிலிருந்து கொண்டாந்த கடிகாரம்’. கல்யாணத்தில் பெண்ணுக்கு வரும் சாமானை எல்லாரும் பார்க்கப் பரப்புவார்கள். வந்தது என்ன, செய்ய வேண்டிய முறை என்ன என்பது முறைச்சிட்டையில் ஏறும். பித்தளை அண்டாவின் கழுத்தில் வீட்டு விலாச எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கும். அந்த நாலைந்து எழுத்தைப் படித்தாலே ஊரும் வீடும் வழியும் தெரிந்துவிடும். பெட்டகசாலை திறக்கிற நாளில் ஆச்சி ஒருவர் ஒவ்வொரு பாத்திரத்தையும் கையில் எடுத்து, இது யார் கல்யாணத்துக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லிக்கொண்டே போவார். பொருளுக்கு ஒரு உறவுமுறை இருந்தது. விலை பிறகுதான்.

வீடும் அப்படித்தான் கட்டப்பட்டது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று தெருவிலிருந்து தெரு வரை நீளும் அந்த வீட்டில், வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு அறை. கல்யாணமான மகன் ஒரு புள்ளி. அவன் அறைக்கு அவன் பூட்டு. வளவும் பட்டாலையும் திண்ணையும் எல்லாருக்கும் பொது. வாரிசுகள் பெருகுவார்கள், பெருகினாலும் கூடுவார்கள் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு அது.

அந்தக் கணக்கு உடைந்தது கடல் கடந்து நடந்த வேறொரு கணக்கால். 1930-ல் உலகப் பொருளாதாரம் சரிந்து அரிசி விலை விழுந்ததும், பர்மாவில் இந்த வீடுகளைக் கட்டிய செட்டியார்களிடம் கடன் வாங்கிய விவசாயிகளால் திருப்பிக் கட்ட முடியவில்லை. அடமான நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீதம் நிலம் அவர்களிடம் இருந்தது. 1938-ல் அது 25 சதவீதம். பார்ப்பதற்குச் சொத்து பெருகியதுபோல் இருக்கும். உண்மையில் ரொக்கம் எல்லாம் மண்ணாகி மாட்டிக்கொண்டது. 1942-ல் ஜப்பானியர் வந்தபோது உயிரோடு ஊர் திரும்பினால் போதும் என்று ஆயிற்று. 1948-ல் சுதந்திர பர்மா நிலங்களைத் தேசியமயமாக்கச் சட்டம் போட்டது. இங்கே நூறு அடி நீள வீடும், அதை வெள்ளையடிக்கக்கூடப் பணமில்லாத குடும்பமும் மிஞ்சின.

அதற்குப் பிந்தைய முப்பது நாற்பது ஆண்டுகளில் அந்தச் சாமான்களுக்கு இருந்த ஒரே பெயர் ‘பழசு’. பித்தளையும் வெண்கலமும் எடைக்குப் போயின. தேக்கு கன அடிக் கணக்கில் போயிற்று. எனாமல் வாளிக்கும் மங்குச் சாமானுக்கும் எடைக்கடையிலும் மதிப்பில்லை, கேட்டவர்களுக்குச் சும்மா கொடுத்தார்கள். விலாசம் வெட்டிய அண்டா பாத்திரக் கடைத் தராசில் ஏறி உலைக்குப் போனால், விலாசமும் சேர்ந்து உருகியது.

இந்தக் காலத்தில்தான் கோட்டையூரில் ஒரு மனிதர் எதிர்த் திசையில் நடந்தார். ரோஜா முத்தையா செட்டியார், 1907-ல் பிறந்தவர், விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ஓவியர். மற்றவர்கள் பழைய பேப்பர் என்று கழித்ததை எல்லாம் சேர்த்தார். புத்தகம், மாத இதழ், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எதையும் விடவில்லை. வீடு முழுக்கக் காகிதம். 1992-ல் அவர் மறைந்தபோது சேர்ந்திருந்தது ஏறக்குறைய 1 லட்சம் உருப்படி. சிகாகோ பல்கலைக்கழகம் அதை விலைக்கு வாங்கி, நாட்டைவிட்டுக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே வைத்தது. 1994-ல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. அந்தச் சேகரிப்பைத் தனித்தனியாக ஏலம் விட்டிருந்தால் சில நூறு ஆன்டிக் புத்தகங்கள் உலகெங்கும் சிதறியிருக்கும். மொத்தமாக, சேர்த்தவர் அடுக்கிய தொடர்போடு நின்றதால் அது தமிழுக்கு ஹெரிடேஜ். இரண்டு சொல்லுக்கும் இதைவிட நல்ல விளக்கம் செட்டிநாட்டில் எனக்குத் தெரியாது.

சொல்லுக்கு வருகிறேன். ‘ஆன்டிக்’ லத்தீனில் ‘முந்தியது’ என்ற பொருளிலிருந்து கிளைத்தது. ‘ஹெரிடேஜ்’ வாரிசு என்ற சொல்லின் குடும்பம். அடிப்படையில் அது பெயர்ச்சொல், வாரிசுக்கு வந்து சேர்வது. இன்னொரு பெயருக்கு முன்னால் நின்று அடைமொழியாக வேலை செய்யப் பழகியது பின்னால்தான். ஒன்று காலத்தைச் சொல்கிறது, மற்றது ஆளைச் சொல்கிறது. முதலாவதற்கு வயது இருந்தால் போதும். இரண்டாவதற்கு, பெற்றுக்கொள்ள ஒருவர் வேண்டும்.

சட்டம் இந்த வேறுபாட்டை வெகு தெளிவாகப் பிடித்து வைத்திருக்கிறது. ஆன்டிக் என்றால் நூறு ஆண்டு என்ற எல்லைக்குச் சுங்கத் துறையில் ஒரு பூர்விகம் உண்டு. 1930-ம் ஆண்டு அமெரிக்கச் சுங்கச் சட்டம், 1830-க்கு முன் செய்த பொருளுக்குத் தீர்வை இல்லை என்றது. இந்தியாவில் 1972-ல் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம் வந்தது, 1976-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நூறு ஆண்டுக்குக் குறையாத வயதுடைய பொருள் தொல்பொருள், கையெழுத்துச் சுவடியானால் 75 ஆண்டு போதும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, உள்நாட்டில் வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் ஒரு வரி உண்டு. கட்டடத்திலிருந்தோ குகையிலிருந்தோ பிரித்தெடுத்த எந்தப் பொருளும் இதில் அடங்கும் என்கிறது. பிரித்தெடுத்தது! சட்டம் எழுதியவர்கள் செட்டிநாட்டு நிலைக்கதவை மனத்தில் வைத்து எழுதியதுபோல் இருக்கிறது.

அதே 1972-ல்தான் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உடன்படிக்கையும் ஏற்கப்பட்டது. அது பார்ப்பது இடத்தை. கட்டடம், தெரு, ஊர், நிலம், அங்கே நடக்கும் வாழ்க்கை. 2014-ல் இந்தியா அனுப்பிய உத்தேசப் பட்டியலில் தமிழ் வணிகர்களின் கிராமத் தொகுப்பு என்ற பெயரில் செட்டிநாடு இடம்பெற்றது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோத்தமங்கலம், ஆத்தங்குடி, காரைக்குடி, தேவகோட்டை, ராயவரம், கடியாபட்டி உள்ளிட்ட 11 ஊர்கள் அதில் அடங்கும். தூணோ கதவோ தனியாக அந்தப் பட்டியலில் ஏற முடியாது. ஊர்தான் ஏறும்.

இன்னொரு வேறுபாடும் கவனிக்க வேண்டியது. மத்தியச் சுற்றுலா அமைச்சகம் ஒரு விடுதியை ‘ஹெரிடேஜ் ஹோட்டல்’ என்று வகைப்படுத்த, வயதைப் பொறுத்தவரை கட்டடம் 1950-க்கு முந்தியதாக இருந்தால் போதும். நூறு ஆண்டு வேண்டாம். 1941-ல் கட்டிய வீடு இன்றைக்கே ஹெரிடேஜ். அதன் கதவு சட்டப்படி ஆன்டிக் ஆக 2041 வரை காத்திருக்க வேண்டும்.

பேச்சு வழக்கைக் கேட்டாலும் இது பிடிபடும். ‘ஆன்டிக் தூண்’, ‘ஆன்டிக் பூட்டு’, ‘ஆன்டிக் ஜாடி’ என்கிறார்கள். ‘ஆன்டிக் வீடு’ என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ‘ஹெரிடேஜ் வீடு’, ‘ஹெரிடேஜ் தெரு’, ‘ஹெரிடேஜ் சமையல்’ உண்டு. ‘ஹெரிடேஜ் பூட்டு’ இல்லை. வண்டியில் ஏற்றக்கூடியது எல்லாம் ஆன்டிக், ஏற்ற முடியாதது ஹெரிடேஜ். இலக்கணப் புத்தகம் படிக்காமலே ஊர் இதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது.

நியாயமாகச் சொன்னால் ஆன்டிக் என்ற சொல் நல்லதும் செய்தது. எடைக்குப் போனதை அது நிறுத்தியது. கிலோ கணக்கு போய் ‘பீஸ்’ கணக்கு வந்தது. உலைக்குப் போகவேண்டிய அண்டா அலமாரிக்குப் போயிற்று. சும்மா கொடுத்த எனாமல் தூக்குக்கு இன்று பேரம் நடக்கிறது. ராஜா ரவிவர்மாவின் அச்சுப் படங்கள் கரையானுக்குத் தப்பின. அந்தக் கடைக்காரர்கள் இல்லையென்றால் பாதிச் சாமான் பூமியிலேயே இருந்திருக்காது. அவர்களில் பலர் எந்த எனாமல் எந்த நாட்டில் வார்த்தது, எந்தக் கடைசல் எந்த ஊர் ஆசாரி பாணி என்று விரல் நுனியில் வைத்திருப்பவர்கள். அவர்களைப் பழிப்பது எளிது, சரியல்ல.

ஆனால் அந்தச் சொல்லுக்குத் தீனி போடுவது இடிப்பு. வீடு ஒன்று விலைபோனால் நடப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் கையில் எடுக்கும் சாமான் போகும். பிறகு சுவரில் மாட்டியவை, கண்ணாடி, படம், விளக்கு. அடுத்து கதவும் ஜன்னலும். பிறகு முட்டுக் கொடுத்துத் தூண்கள், உத்திரம், கூரைப் பலகை. கடைசியில் செங்கல்லும் கருங்கல்லும். சில மாதத்தில் மனை மட்டும் நிற்கும். பங்குதாரர் முப்பது நாற்பது பேர், ஆளுக்கொரு நாட்டில். ஒரு பங்கு வீட்டை ஒருவர் மட்டும் பழுதுபார்க்கவும் முடியாது, விற்கவும் முடியாது. எல்லாரும் ஒத்துக்கொள்ளும் ஒரே வழி, பிரித்துக் காசாக்கிப் பங்கிடுவது. வாரிசுகளுக்காகக் கட்டிய வீடு வாரிசுகள் பெருகியதாலேயே விழுகிறது.

முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு நிலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முன்பக்கம் கஜலட்சுமி, இருபுறமும் யாளியும் கொடியும், கை பட்டுப் பட்டு ஏறிய மினுக்கம். கீழே கதவின் குடுமி சுழன்று சுழன்று தேய்ந்த குழி. மேலே மாவிலை கட்ட அடித்த ஆணி. இரண்டு ஓரத்திலும் மஞ்சள் குங்குமம் ஏறி ஏறி மரத்தோடு ஊறிப்போன கறை. பின்பக்கம் போனால் வேறு உலகம். சுவருக்குள் இருந்த அந்தப் பக்கத்துக்கு மெருகே இல்லை. ஆசாரியின் வாய்ச்சித் தழும்பு, வரிசை வரிசையாக, நேற்று செதுக்கியதுபோல் இருந்தது. ஒட்டிக்கொண்டிருந்த சுண்ணாம்புக் காரை விரலால் தொட்டால் உதிரவில்லை.

“எந்த வீட்டு நிலைண்ணே இது?” என்று கேட்டேன்.

“தெரியலைங்க. மூணு கை மாறி வந்துருச்சு. பள்ளத்தூர்ப் பக்கம்னாங்க. நல்ல ஆன்டிக் பீஸுங்க, இந்த மாதிரி வேலை இனி வராது.”

விலை தெரிகிறது, வயது தெரிகிறது, வேலைப்பாடு தெரிகிறது. வீடு தெரியவில்லை. அந்த வாசலைத் தாண்டி வலது கால் எடுத்து வைத்து உள்ளே வந்த மருமகள்கள் யார், அந்த ஆணியில் எத்தனை கல்யாணத்துக்கு மாவிலை தொங்கியது என்பதைச் சொல்லக்கூடிய ஆச்சி எங்கோ இருப்பார். நிலை இங்கே இருக்கிறது. இந்தப் பிரிவுக்குத்தான் ஆன்டிக் என்று பெயர்.

மறுபக்கம் ஹெரிடேஜ் என்ற சொல் இங்கே வேரூன்றியது 1990-களின் பிற்பகுதிக்குப் பிறகு. காரைக்குடியில் மீனாட்சி மெய்யப்பன் ஆச்சி பங்களாவை விடுதியாகத் திறந்து, வாழையிலைச் சாப்பாட்டை உலகத்துக்குக் காட்டினார். கானாடுகாத்தானில் மகளுக்காக ஒரு தந்தை கட்டிய விசாலம், கோத்தமங்கலத்தில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் மீட்டெடுத்த சாரதா விலாஸ், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் என்று வரிசையாக விடுதிகள் வந்தன. பூட்டிக் கிடந்த வீட்டுக்கு வருமானம் வந்தது. சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்தவர்களுக்கு வேலை வந்தது. ஆத்தங்குடிக் கல் பட்டறைகளுக்கு ஆர்டர் வந்தது. கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இவையெல்லாம் உண்மையான லாபம்.

முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் ஒரு செட்டிநாட்டு வீடு இருக்கிறது. இங்கிருந்து பிரித்து எடுத்துப் போய் அங்கே திரும்பக் கட்டிய வீடு. 1996-ல் அந்த அருங்காட்சியகம் திறந்தது. தூணைத் தூணாக விற்காமல் வீட்டை வீடாக நிறுத்தியதால், பெயர்த்து எடுத்தாலும் அதில் பொருள் தங்கியிருக்கிறது. ஆனாலும் அந்த வளவில் கூடிப் பேச வாரிசுகள் வருவதில்லை, பள்ளிப் பிள்ளைகள்தான் வருகிறார்கள். அதுவும் நல்லதுதான், ஆனால் வேறு நல்லது.

இப்போது இரண்டு சொல்லும் நீர்த்துக்கொண்டு வருகின்றன. நகைக்கடையில் ‘ஆன்டிக் நெக்லஸ்’ என்றால் போன மாதம் செய்து மெருகு மங்கவைத்த நகை. மரக்கடையில் ‘ஆன்டிக் ஃபினிஷ்’ என்றால் புது மரத்துக்குப் பழைய சாயம். அடுக்குமாடிக்கும் கல்யாண மண்டபத்துக்கும் ஹெரிடேஜ் என்று பெயர் வைக்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் கொச்சியிலும் புதிதாகக் கட்டும் பங்களாக்களில் செட்டிநாட்டுத் தூண்கள் நிற்கின்றன, ‘ஹெரிடேஜ் லுக்’ என்கிறார்கள். அந்தத் தோற்றத்துக்காக ஒரு நிஜமான வீடு எங்கோ விழுந்திருக்கிறது. ஒரு வீட்டின் ஹெரிடேஜை உடைத்து ஆன்டிக் ஆக்கி, அதை வாங்கி இன்னொரு வீட்டுக்கு ஹெரிடேஜ் என்று பூசுவது எனக்குப் பொறுக்கவில்லை.

ஊருக்குள் இன்னும் விற்கப்படாத ஒரு வகை வீடு உண்டு. படைப்பு வீடு. வருடத்துக்கு ஒருமுறை பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படைக்கும் வீடு அது. சிங்கப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்து சேர்கிறார்கள். பேழையைத் திறந்து சேலையும் வேட்டியும் வைத்துக் கும்பிடுகிறார்கள். விடுதி ஆக்கினாலும் ஆக்காவிட்டாலும், சுற்றுலாக்காரர் வந்தாலும் வராவிட்டாலும், ஹெரிடேஜ் என்ற சொல்லின் மூலப் பொருளுக்கு இந்த வீடுதான் சரியாகப் பொருந்துகிறது. பெற்றுக்கொள்ள ஆள் வருகிறார்கள்.

1920-களில் எழுந்த வீடுகள் ஒவ்வொன்றாக நூறு வயதைத் தொடுகின்றன. இதுவரை வெறும் பழைய மரமாக இருந்த கதவும் தூணும், கழற்றிய அன்றே சட்டப்படி தொல்பொருளாகும் காலம் வந்துவிட்டது. பங்கு வீடு உள்ளவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். அடுத்த படைப்புக்குக் கூடும்போது வீட்டைப் பற்றியும் ஒரு மணி நேரம் பேசுங்கள். யார் பேரில் எத்தனை பங்கு என்று எழுதிவையுங்கள். கூரை ஒழுகலை முதலில் அடையுங்கள், வீடு விழுவது அங்கிருந்துதான் தொடங்குகிறது. விற்பதைத் தவிர வழியில்லை என்றால், ஒரு குடும்பத்துக்கோ நிறுவனத்துக்கோ முழு வீடாக விற்கப் பாருங்கள். அதுவும் முடியாதென்றால், கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு கதவையும் அது நிற்கும் இடத்தில் வைத்துப் படம் எடுங்கள். முறைச்சிட்டையை விற்காதீர்கள், அதற்கு ஒரு நகல் எடுத்து நூலகத்தில் கொடுங்கள். ஆச்சிகள் சொல்வதைப் பதிந்துகொள்ளுங்கள். கடைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். விலைச் சீட்டில் ஊர்ப் பெயரும் வீட்டு விலாசமும் எழுதுங்கள். அதற்கு ஒரு பைசா செலவில்லை.